ஆடிப்பிறப்பும் சின்னப் பிள்ளைகளும்: கூழ், கொழுக்கட்டை பற்றித் திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆனி மாதம் முடியப் போகிறது என்றால் எங்கள் அயலில் இளம் தாய்மார் ஒவ்வொருவராக வந்து கேட்கத் தொடங்குவார்கள். கூழுக்கு மா எவ்வளவு, கொழுக்கட்டை ஏன் வெடிக்கிறது, மூன்று வயதுப் பிள்ளையைக் குசினிக்குள் விடலாமா என்று. அவர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஆடிப்பிறப்புக்குத் தேரும் இல்லை, திருவிழாவும் இல்லை. அடுப்படியில் தொடங்கி அடுப்படியில் முடிகிற பண்டிகை அது. ஆகவே பிள்ளையை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கொண்டாடுவதில் அர்த்தம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள எல்லாப் பதில்களும் அதை வைத்தே எழுதியவை.

ஆடிப்பிறப்பு எந்த நாள்?

ஆடி மாதம் முதலாம் நாள். சூரியன் கடக ராசிக்குள் போகும் நாள் அது. ஆங்கில நாட்காட்டியில் பெரும்பாலும் ஜூலை 16 அல்லது 17 ஆக வரும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் நேரத்தை வேறுபடுத்திச் சொல்லும். உங்கள் வீட்டில் எதைப் பார்த்து வருகிறீர்களோ அதையே பாருங்கள். ஆடி அமாவாசையோடு இதைக் குழப்ப வேண்டாம். தந்தையை இழந்தவர்கள் விரதம் இருந்து கடலில் நீராடும் நாள் அது, அதற்குச் சமையலும் வேறு.

ஏன் கொண்டாடுகிறோம் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

சூரியன் தெற்குப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்குகிறது, அதை வரவேற்கிறோம் என்று சொல்லுங்கள். தட்சிணாயனம் என்ற பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம், பிள்ளைகள் பெரிய சொற்களுக்குப் பயப்படுவதில்லை. ஆனால் வெறும் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். திருகோணமலையில் இருக்கும் நமக்கு அதை முற்றத்திலேயே காட்டலாம்.

ஆடிப்பிறப்பன்று ஒரு மீற்றர் நீளமான தடியை முற்றத்தில் நேராக நட்டு வையுங்கள். மதியம் 12 மணி 10 நிமிடம் அளவில் அதன் நிழலைப் பாருங்கள். நிழல் தெற்கே விழுந்திருக்கும். நீளம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் இருக்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. இந்த நாட்களில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே போகிறது. நிழலின் நுனியில் ஒரு சிப்பியோ கல்லோ வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிழமையும் அதே நேரத்தில் பார்த்து இன்னொரு கல் வைக்கட்டும். நிழல் குறைந்துகொண்டே வரும். ஆகஸ்ட் கடைசி நாட்களில் தடியின் அடியிலேயே ஒடுங்கிவிடும், பிறகு மெல்ல வடக்குப் பக்கம் நீளத் தொடங்கும். தைப்பொங்கலன்று அதே தடியை நட்டால் நிழல் வடக்கே அரை மீற்றருக்கு மேல் போயிருக்கும். சூரியன் திரும்பியதைப் பிள்ளை தன் கையால் அளந்திருக்கிறது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, சூரியன் உண்மையில் திரும்புவது ஜூன் 21 அளவில் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து கேட்கும். அதுவும் சரிதான். நம் நாட்காட்டி விண்மீன்களை வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்த இரண்டு நாட்களும் இப்போது மூன்றரைக் கிழமை விலகி நிற்கின்றன. மறைக்காமல் சொல்லுங்கள். பண்டிகைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்று பாடத்தில் வருகிறது. இங்கே யாரும் ஆடியில் விதைப்பதில்லையே?

நல்ல கேள்வி. ஆடியில் மழையும் ஆற்று நீரும் வரும் நிலத்துப் பழமொழி அது. நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. பெரும்போகத்துக்கு விதைப்பது புரட்டாதி, ஐப்பசியில். ஆடியில் தம்பலகாமம் பக்கம் போனால் கந்தளாய்க் குளத்து நீரில் சிறுபோக வயல் பச்சையாக நிற்பதைப் பார்க்கலாம். கூழுக்குப் போடும் மா பெரும்பாலும் மாசி, பங்குனியில் வெட்டிய பெரும்போக நெல்லின் மா. ஆடிப்பிறப்புக்கு முன் ஒரு நாள் பிள்ளையை வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், “இது இன்னும் விளையவில்லை, நாம் சாப்பிடப் போவது போன போகத்து அரிசி” என்று காட்டினால் மா எங்கிருந்து வருகிறது என்பது அதற்கு விளங்கும்.

ஆடி கூடாத மாதம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

கலியாணம், குடிபூரல் போன்றவற்றைப் பலர் ஆடியில் வைப்பதில்லை, அவ்வளவுதான். அம்மனுக்கு இது உகந்த மாதம். பிள்ளைக்கு முன்னால் “கூடாத மாதம்” என்று பேசாதீர்கள். கூழும் கொழுக்கட்டையுமாக வரும் மாதத்தைப் பார்த்து அது ஏன் பயப்பட வேண்டும்?

எத்தனை வயதில் என்ன வேலை கொடுக்கலாம்?

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பயறு கழுவுவது போதும். பெரிய சட்டியில் தண்ணீர், ஒரு பிடி பயறு, கீழே ஒரு சாக்கு. அரை மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்கும். மூன்று, நான்கு வயதில் மாவுருண்டை உருட்டத் தொடங்கலாம். கூழுக்குப் போடும் உருண்டை சின்னதாக இருக்க வேண்டும். சின்னக் கைக்குத்தான் அது நன்றாக வரும். பெரியவர்கள் உருட்டினால் எப்போதும் பெரிதாகிவிடுகிறது. ஐந்து, ஆறு வயதில் கல் பொறுக்குவது, பனங்கட்டி உடைப்பது, கொழுக்கட்டைக்குள் உள்ளுடன் (உள்ளே வைக்கும் பயற்றுக் கலவை) வைத்து மூடுவது எல்லாம் செய்வார்கள்.

தேங்காய் துருவும் திருவலைப் பக்கம் மட்டும் சின்னவர்களை விட வேண்டாம். அதன் நாக்கு எவ்வளவு கூர் என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் இருந்து பழக்கலாம். அடுப்பில் கொதிக்கும் கூழையும் நீங்களே பாருங்கள். மா சேர்த்த கூழ் கொதிக்கும்போது தெறிக்கும், தெறித்தது தோலில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைவிட மோசமாகச் சுடும். வேலை கொடுக்கும் இடத்தைக் குசினி மேசையிலிருந்து நிலத்துக்கு மாற்றிப் பாயைப் போட்டு இருத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

என்னென்ன சாமான் வேண்டும்? பனங்கட்டி கிடைக்காவிட்டால்?

ஆறு பேருக்குக் கூழ் என்றால் வறுத்து உடைத்த பயறு 100 கிராம், வறுத்த அரிசிமா 150 கிராம், பனங்கட்டி 250 முதல் 300 கிராம், பெரிய தேங்காய் ஒன்று, சொட்டுக்கு, அதாவது சின்னத் துண்டுகளாக வெட்டிப் போட, இன்னொரு தேங்காயில் பாதி. மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏலக்காய் நான்கு, ஒரு சிட்டிகை உப்பு. கொழுக்கட்டைக்கு அரிசிமா அரைக் கிலோ, பயறு 250 கிராம், சக்கரை 250 கிராம், தேங்காய் ஒன்று. முப்பது கொழுக்கட்டை அளவில் வரும்.

பனங்கட்டியைக் குட்டானோடு வாங்கப் பாருங்கள். பனையோலையில் இழைத்த அந்தக் குட்டிப் பெட்டியைப் பிரிப்பது பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். அப்புறம் அந்தக் குட்டான் ஒரு கிழமைக்கு விளையாட்டுச் சாமானாக இருக்கும். கிடைக்காவிட்டால் கித்துல் கருப்பட்டி போடலாம், மணம் கொஞ்சம் மாறும், ருசிக்குக் குறை இல்லை. வெள்ளைச் சீனி போட்டுக் கூழ் காய்ச்சுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நிறமும் வராது, மணமும் வராது. பிள்ளையின் நாக்கு முதன்முதலில் அறியும் கூழ் அதுவாக இருக்கக் கூடாது.

பயற்றைக் கடையில் வறுத்து உடைத்ததாகவே வாங்கலாமா?

நேரம் இல்லையென்றால் வாங்குங்கள். நேரம் இருந்தால் வீட்டில் வறுங்கள், இந்த வேலை பிள்ளைகளுக்காகவே வைத்தது போன்றது.

முழுப்பயற்றைத் தாச்சியில் நடுத்தரச் சூட்டில் கை விடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சை நிறம் மங்கி அங்கங்கே பொன்னிறம் காட்டும், வாசம் முற்றம் வரை போகும். அப்போதே இறக்கிவிடுங்கள், கறுத்தால் கூழ் கசக்கும். ஆறியபின் உரலில் போட்டு மெதுவாகக் குத்தினால் பருப்பு இரண்டாகப் பிளந்து தோல் கழன்று வரும். உரல் இல்லாத வீட்டில் அம்மியில் வைத்துக் குழவியை ஒரு தரம் உருட்டினாலும் போதும். அதைச் சுளகில் கொட்டிப் புடைத்தால் உமி பறக்கும். முற்றத்தில் காற்றுப் படும் இடத்தில் பிள்ளையை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் நிறுத்துங்கள். உமி பறந்து போக, பருப்பு மஞ்சளாகச் சுளகில் தங்குவதை அது வாய் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கும். மிச்சமிருக்கும் தோலை ஊதச் சொல்லுங்கள். கொஞ்சம் பருப்பும் சேர்ந்து பறக்கும், பறக்கட்டும், குருவிகள் பார்த்துக்கொள்ளும்.

கூழ் காய்ச்சும் முறையைப் பிள்ளையோடு செய்யும் விதமாகச் சொல்லுங்கள்.

முதலில் பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி வடித்து வையுங்கள். மண் இருக்கும், வடிக்காமல் போட்டால் கடைசியில் பல்லில் நறநறக்கும். தேங்காயைப் பிழிந்து முதற்பாலை வேறாகவும் இரண்டாம், மூன்றாம் பாலைச் சேர்த்தும் வையுங்கள். பிழிகிற வேலையில் ஒரு பிடி தேங்காய்ப்பூவைப் பிள்ளைக்கும் கொடுங்கள். எவ்வளவு பால் வருகிறது என்று போட்டி வைத்தால் குழந்தை முழங்கை வரை வெள்ளையாகிவிடும்.

மாவில் 100 கிராமை எடுத்து, ஒரு சிட்டிகை உப்போடு கொதிதண்ணீர் விட்டு அகப்பைக்காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நீங்கள் பிசைந்து, பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். உருட்டி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு அமுக்கு அமுக்கச் சொல்லுங்கள். உருண்டையாகவே விடாமல் தட்டையாக்கினால் சீக்கிரம் வேகும், சின்னவர்களுக்கு விழுங்கவும் பயமில்லை.

இரண்டாம் பாலும் தண்ணீருமாக ஒன்றரை லீட்டர் அளவில் கொதிக்க வைத்துப் பயற்றைப் போடுங்கள். பயறு நன்றாக அவிந்த பிறகே பனங்கட்டி சேர வேண்டும். இனிப்பு முதலில் போய்விட்டால் பயறு பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. பயறு அவிந்ததும் மாவுருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். போட்ட உடனே அகப்பை வைக்காதீர்கள், உடைந்துவிடும். வெந்தவை மேலே மிதந்து வரும். பிள்ளையைத் தூரத்தில் ஒரு கதிரையில் இருத்தி, “உன்னுடையது வந்துவிட்டதா?” என்று கேளுங்கள். தன் உருண்டையை அது அடையாளம் காணும், நம்புங்கள்.

மிச்ச 50 கிராம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சூடான பாலில் கரைத்தால் கட்டிதான் வரும். அப்புறம் பனங்கட்டிப் பாணி, தேங்காய்ச் சொட்டு. தடித்து வரும்போது நெருப்பைக் குறைத்து முதற்பாலை விட்டு, மிளகு, சீரகம், ஏலக்காய்த் தூளைத் தூவி, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். முதற்பால் விட்டபின் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். கூழ் ஆற ஆற இறுகும், அதனால் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் தண்ணியாகவே இறக்குவது நல்லது.

கொழுக்கட்டை அவிக்கும்போது வெடிக்கிறதே?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் விட வேண்டும். சூடு போதாவிட்டால் மா இழுபடாது, மடித்த இடத்தில் கீறும். அடுத்த காரணம் காற்று. ஆடியில் நம் ஊரில் வீசும் கச்சான் மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுச் சூடாக வருகிறது. பிசைந்த மாவைத் திறந்து வைத்தால் அது பத்து நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். ஈரத்துணியால் மூடி வையுங்கள், பிள்ளைக்கு ஒவ்வொரு உருண்டையாக எடுத்துக் கொடுங்கள். உள்ளுடன் தண்ணியாக இருந்தாலும் வெடிக்கும். பயறு அவிந்தும் குழையாமல் இருக்கும் பதத்தில் வடித்து, தேங்காய்ப்பூவும் சக்கரையும் ஏலமும் சேர்த்து உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அவிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

பிள்ளை செய்த கொழுக்கட்டை வடிவாக இல்லை. வருகிறவர்களுக்கு அதை வைக்கலாமா?

வைக்கத்தான் வேண்டும். பிள்ளை படுத்த பிறகு அதன் கொழுக்கட்டையைப் பிரித்துத் திரும்பப் பிடிக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த நாள் தட்டில் எல்லாம் ஒரே மாதிரிப் பல் வைத்து அழகாக இருப்பதைப் பார்த்ததும், தன்னுடையது எங்கே என்று பிள்ளை தேடும். கேட்காவிட்டாலும் தேடும்.

பல் வைப்பது கஷ்டமான வேலை. பிறைவடிவில் மடித்த ஓரத்தைப் பெருவிரலால் அமுக்கி அமுக்கி மடித்துக்கொண்டு போக வேண்டும், பெரியவர்களுக்கே பழக நாள் எடுக்கும். ஐந்து வயதுக்கு ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமுக்கக் கொடுங்கள். அதுவும் பல்தான். அதற்கும் குறைந்த வயது என்றால் உள்ளுடனை மாவோடு சேர்த்துப் பிசைந்து கைக்குள் வைத்து ஒரு பிடி. விரல் நான்கும் பதிந்து வரும். அம்மம்மா வந்தால் “இது யாருடைய கை?” என்று கேட்கச் சொல்லுங்கள். அம்மம்மாமாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கூழில் தேங்காய்ச் சொட்டுப் போடாதீர்கள். கடினமாக, வழுவழுப்பாக இருப்பதால் மெல்லாமல் உள்ளே போய்விடும். அவர்களுக்குத் தேங்காய்ப்பூவாகத் தூவலாம். மாவுருண்டையைத் தட்டையாக்கச் சொன்னதும் இதற்காகத்தான். ஓடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு சாப்பிட விடாமல் இருத்திக் கொடுங்கள். சில வீடுகளில் கூழுக்கு நிலக்கடலையும் சேர்ப்பார்கள். வெளிப்பிள்ளைகள் வருவதென்றால் ஒவ்வாமை உண்டா என்று முதலே தாயிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கூழ் வேண்டாம். இனிப்பும் உப்பும் சேர்க்குமுன் அவிந்த பயற்றில் ஒரு கரண்டி எடுத்து மசித்துக் கொடுங்கள், குழந்தையும் ஆடிப்பிறப்புச் சாப்பிட்டதாக இருக்கும்.

இந்த வெயிலில் பிள்ளையைக் குசினிக்குள் வைத்திருப்பது எப்படி?

நெருப்பு வேலையையும் கை வேலையையும் பிரித்துவிடுங்கள். பயறு வறுப்பது, மா வறுப்பது, பனங்கட்டி காய்ச்சுவது எல்லாம் முதல் நாளே முடிக்கலாம். பண்டிகையன்று விடியப்புறம் ஆறு மணிக்குத் தொடங்கினால் கச்சான் ஏறுமுன் உருட்டும் வேலை முடிந்துவிடும். அல்லது பின்னேரம் நான்கரைக்குப் பிறகு, வேப்பமரத்துக்குக் கீழே பாயைப் போட்டுச் செய்யுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நேரம் கடல் பக்கத்துக் காற்றும் கிடைக்கும். காஸ் அடுப்புக்கு எதிரே யன்னலைத் திறந்து வைப்பவர்கள் நெருப்பு அலைவதைக் கவனியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

பலா இலையில்தான் கூழ் குடிக்க வேண்டுமா?

வேண்டும் என்று இல்லை, ஆனால் குடித்துப் பார்த்த பிள்ளை கரண்டியைத் திரும்பிப் பார்க்காது. பழுக்காத, முற்றிய இலையாகப் பறித்துக் கழுவித் துடைத்து, கூம்பாகச் சுருட்டி ஈர்க்கால் குத்துவது வழக்கம். சின்னவர்களுக்கு ஈர்க்கு நுனி வாயில் குத்தும் என்பதால் அவர்களுடையதைக் குத்தாமல் அடியை மடித்துக் கையில் பிடிக்கக் கொடுங்கள். ஒழுகும், சட்டை அழுக்காகும். பனங்கட்டிக் கறை கழுவினால் போய்விடும்.

ஆடிப்பிறப்பு பள்ளிக்கூட நாளில் வந்தால்? நான் வேலைக்குப் போகிறவள்.

அரச விடுமுறை இல்லாததால் இது அடிக்கடி நடக்கிறது. பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிழையும் இல்லை. இரண்டையும் செய்ய முடியாவிட்டால் கொழுக்கட்டையை விட்டுவிட்டுக் கூழை மட்டும் காய்ச்சுங்கள். முதல் நாள் எல்லாம் ஆயத்தமாக இருந்தால் ஒரு மணித்தியால வேலைதான். அந்த நேரத்தில் மாவுருண்டை உருட்டுவதைப் பிள்ளையிடமும் தகப்பனிடமும் விடுங்கள். தகப்பன்மார் இந்த வேலைக்கு நன்றாகவே பழகிவிடுகிறார்கள்.

பிள்ளைக்குக் கூழ் பிடிக்கவில்லை. வற்புறுத்தலாமா?

கூடாது. மிளகும் சீரகமும் சேர்ந்த இனிப்பு சின்ன நாக்குக்குப் புதிது. அடுத்த ஆண்டு அதன் பங்கை மிளகு போடுமுன் எடுத்து வைத்துப் பாருங்கள். தான் உருட்டிய உருண்டையை மட்டும் எடுத்துச் சாப்பிட்டாலும் சரி.

அயலில் முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையிடம் கொடுத்து அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்புங்கள். நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டுக் கஞ்சி நமக்கு வருகிறது, சித்திரையில் கொக்கிஸ் வருகிறது. ஆடியில் நம் முறை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சாமிக்குப் படைத்ததைப் பல முஸ்லிம் வீடுகளில் உண்ணமாட்டார்கள். அதனால் படையலுக்கு முன்பே அவர்களுக்கு உரியதை எடுத்து வைத்து, “இது படைக்காதது” என்று பிள்ளையே சொல்லிக் கொடுக்கும்படி பழக்குங்கள். மற்றவர் வழக்கத்தை மதிப்பது எப்படி என்று அது அந்த வாசற்படியில் படித்துக்கொள்ளும். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் இதைச் செய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விளக்கேற்றிப் படைப்பது அவரவர் வீட்டு வழக்கம், கூழும் கொழுக்கட்டையும் தமிழ் வீடு எல்லாவற்றுக்கும் உரியவை.

முன்பள்ளியில் இருபது பிள்ளைகளோடு செய்ய முடியுமா?

முடியும், அடுப்பு அங்கே வேண்டாம். பிசைந்த மாவைக் கொண்டுபோய் ஆளுக்கு ஒரு எலுமிச்சங்காய் அளவு கொடுங்கள். கை கழுவுவதற்கே கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் தாய்மாரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் உருட்டியதை ஒரு தாய் பக்கத்து வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்தால் அன்றே குடிக்கலாம். எந்த மா யாருடையது என்று கேட்டு அழுகை வரும், ஒரே சட்டியில் போட்டுவிட்டால் அந்தக் கேள்வியே இருக்காது.

மிஞ்சிய கூழையும் கொழுக்கட்டையையும் என்ன செய்வது?

தேங்காய்ப்பால் சேர்ந்த கூழ் இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். பாத்திரம் ஆறியதும் பிரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடியுங்கள். எடுக்கும்போது இறுகியிருக்கும், கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் கிளறிச் சூடாக்குங்கள். காலையில் காய்ச்சி வெளியே வைத்ததைப் பின்னேரம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். கொழுக்கட்டையும் பிரிட்ஜுக்குத்தான், தேங்காய்ப்பூ உள்ளே இருக்கிறது. அடுத்த நாள் காலையில் ஐந்து நிமிடம் திரும்ப அவித்தால் மெதுமை வந்துவிடும். எங்கள் வீட்டில் அதை இரண்டாக வெட்டித் தாச்சியில் கொஞ்சம் நெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுவோம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து அனுப்புவதென்றால் நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிப்போகும்.